வாசகர் கேள்வி – பதில்: விடை எப்படி வந்தாலும் வாதம் அசைய வேண்டும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியிருந்தன. நுழைவுத் தேர்வுகளின் கிரிட்டிக்கல் ரீசனிங் (வாதங்களை ஆராயும் திறன்) பகுதியில், ஒரு வாதத்தைத் தந்துவிட்டு அதை மதிப்பிடச் சொல்லும் கேள்விகளே அப்பொருள். ஆகவே மற்றக் கடிதங்களை அடுத்த இதழுக்கு ஒதுக்கி வைத்து, பக்கம் முழுவதையும் இவற்றுக்கே தருகிறேன்.

*

கேள்வி: மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் நுழைவுத் தேர்வுக்கு ஐந்து மாதங்களாகப் படித்து வருகிறேன். வாதத்தை வலுப்படுத்துவது எது, பலவீனப்படுத்துவது எது என்று கேட்டால் பெரும்பாலும் தவறுவதில்லை. ‘இவ்வாதத்தை மதிப்பிட எதை அறிவது மிகவும் பயன்படும்’ என்று கேட்டால் மட்டும் கடைசி இரண்டு விடைகளுக்கு இடையில் சிக்கித் தவறானதையே தேர்ந்துவிடுகிறேன். அண்மையில் தவறவிட்ட கேள்வி ஒன்றை இணைத்துள்ளேன். நான் ‘இ’ என்றேன். விடைப் பட்டியல் ‘ஆ’ என்கிறது.
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் கேள்வியை மற்ற வாசகர்களுக்காகச் சுருக்கித் தமிழில் தருகிறேன். ஒரு நகரத்தின் சாலைச் சந்திப்பில் வேகத்தைக் கண்காணிக்கும் கேமரா பொருத்தப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் அங்கே 24 விபத்துகள் நிகழ்ந்தன. பொருத்திய பின் வந்த ஆண்டில் 15 மட்டுமே நிகழ்ந்தன. ஆகவே விபத்துகள் குறைந்ததற்குக் கேமராவே காரணம் என்று நகராட்சி முடிவுக்கு வருகிறது. இவ்வாதத்தை மதிப்பிட எதை அறிவது மிகவும் பயன்படும்?

(அ) கேமராவுக்கு ஆன செலவு, அங்கே ஒரு காவலரை நிறுத்துவதற்கு ஆகும் செலவைவிடக் குறைவா?
(ஆ) கேமரா பொருத்துவதற்கு முந்தைய ஆண்டின் விபத்து எண்ணிக்கை, அச்சந்திப்பில் வழக்கமாக ஓர் ஆண்டில் நிகழும் எண்ணிக்கையை ஒத்திருந்ததா?
(இ) முதல் ஆண்டில் கேமரா எத்தனை வேக மீறல்களைப் பதிவு செய்தது?
(ஈ) நகரத்தின் ஓட்டுநர்களில் பெரும்பாலோர் கேமராக்களை ஆதரிக்கிறார்களா?
(உ) விபத்தில் சிக்கிய வாகனங்களில் இருசக்கர வாகனங்கள் எத்தனை விழுக்காடு?

நீங்கள் ‘இ’யின் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை. கேமராவைப் பற்றியும் வேகத்தைப் பற்றியும் அது பேசுகிறது. ஓர் அதிகாரி உண்மையிலேயே இச்சந்திப்பை ஆராயப் போனால் அந்தப் பதிவேட்டைத்தான் முதலில் கேட்பார். ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வோம் என்று ஒரு படி மேலே போய்ப் பாருங்கள். பதிவான மீறல்கள் பத்தாயிரம் என்று விடை வருகிறது. கேமரா விழிப்பாக வேலை செய்திருக்கிறது என்று நகராட்சியின் ஆதரவாளர் சொல்வார். கேமராவைக் கண்டு ஒருவரும் வேகத்தைக் குறைக்கவில்லை, பிறகு அது எப்படி விபத்தைக் குறைத்திருக்கும் என்று எதிர்ப்பாளர் சொல்வார். மீறல்கள் பத்தே பத்து என்று வந்தாலோ, ஓட்டுநர்கள் பயந்து வேகத்தைக் குறைத்தார்கள் என்று ஒருவர் சொல்ல, அங்கே என்றைக்குமே யாரும் வேகமாகப் போனதில்லை என்று மற்றவர் சொல்வார். ஒரே விடை இரு தரப்புக்கும் சாட்சி சொல்கிறது. அப்படிப்பட்ட சாட்சியை எந்த வழக்கறிஞரும் கூண்டில் ஏற்றமாட்டார்.

இப்போது ‘ஆ’வை அதே சோதனைக்கு உட்படுத்துவோம். அச்சந்திப்பில் வழக்கமாக ஆண்டுக்கு 14 முதல் 16 விபத்துகள்தாம் நிகழும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 24 என்பது கெட்ட காலம் ஒன்றின் கணக்கு. 15 என்பது பழைய நிலைக்குத் திரும்பியதன் கணக்கு. கேமராவின் இடத்தில் ஒரு பூந்தொட்டியை வைத்திருந்தாலும் எண்ணிக்கை குறைந்திருக்கக்கூடும். மாறாக, வழக்கமே 23 அல்லது 24 என்றால், அந்த ஓர் ஆண்டில் ஏதோ உண்மையாகவே மாறியிருக்கிறது. கேமராவின் மீதான நம்பிக்கை கூடுகிறது. ஒரு விடை முடிவைத் தாழ்த்துகிறது, எதிர்விடை உயர்த்துகிறது. மதிப்பீட்டுக் கேள்வியில் நாம் தேட வேண்டியது இந்த இருபக்க அசைவைத்தான்.

வலுப்படுத்தும் கேள்வியில் உங்களுக்கு ஒரு தகவல் கையில் தரப்படுகிறது. அதை வாதத்தின் மீது வைத்துப் பார்த்தால் போதும். மதிப்பீட்டுக் கேள்வியிலோ விடை தெரியாத ஒரு வினாதான் தரப்படுகிறது. அதற்கு இரண்டு எதிரெதிர் விடைகளை நீங்களே இட்டு, இரண்டு முறை வாதத்தைப் படிக்க வேண்டும். ‘ஆம்’, ‘இல்லை’ என்று விடை வரக்கூடியதானால் இரண்டையும் இடுங்கள். எண்ணிக்கையோ விழுக்காடோ என்றால் அதன் இரு கோடிகளையும் இடுங்கள். ‘உ’வில் நூறு விழுக்காட்டையும் சுழியத்தையும் இட்டுப் பாருங்கள், எல்லாமே இருசக்கர வாகனங்களாக இருந்தாலும், ஒன்றுகூட இல்லாவிட்டாலும், குறைவுக்குக் காரணம் கேமராவா என்ற கேள்வி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

‘அ’வும் ‘ஈ’யும் வேறு வகைக் குற்றவாளிகள். கேமரா சிக்கனமானதா என்பதும், மக்கள் அதை விரும்புகிறார்களா என்பதும் நகராட்சிக் கூட்டத்தில் கேட்கத் தக்கவைதாம். ஆனால் வாதத்தின் முடிவு, குறைவுக்குக் காரணம் இது என்று மட்டுமே சொல்கிறது. இதைப் பொருத்துவது நல்லது என்று அது சொல்லவில்லை. முடிவில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் வேலி உண்டு. வேலிக்கு வெளியே மேய்கிற விடையை, அது எவ்வளவு அறிவார்ந்ததாகத் தோன்றினாலும், விட்டுவிட வேண்டும்.

உங்களுக்கு ஒரு பயிற்சி. இதே ஐந்து விடைகளையும் வைத்துக்கொண்டு, முடிவை மட்டும் மாற்றி மாற்றி எழுதுங்கள். ‘ஆகவே விபத்தைக் குறைக்கக் கேமராவே மலிவான வழி’ என்று முடித்தால் ‘அ’ சரியான விடையாகிவிடும். ‘ஆகவே தலைக்கவசச் சோதனையைக் கடுமையாக்கினால் இங்கே நேரும் தலைக்காயங்கள் பெருமளவு குறையும்’ என்று முடித்தால் ‘உ’ உயிர் பெறும். பத்துக் கேள்விகளை இவ்வாறு மாற்றி எழுதிப் பார்ப்பது, நூறு கேள்விகளுக்கு விடை குறித்துப் பட்டியலோடு ஒப்பிடுவதைவிடப் பயன் தரும் என்பது மாணவர்களோடு பழகியதில் நான் கண்டது.

இன்னும் ஒன்று. கெட்ட ஆண்டுக்குப் பின் இயல்பான ஆண்டு வருவதைப் புள்ளியியலார் ‘சராசரியை நோக்கித் திரும்புதல்’ என்பார்கள். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாகப் பெற்றோரைவிடச் சற்றுக் குட்டையாக இருப்பதை ஆராய்ந்து, பிரான்சிஸ் கால்டன் 1886இல் இதை எழுதினார். விபத்துத் தடுப்பு, மருத்துவம், பள்ளி மதிப்பெண் ஆகியவற்றைப் பற்றிய வாதங்களில் இந்தப் பள்ளம் மீண்டும் மீண்டும் தோண்டப்படுகிறது. நிலைமை மிக மோசமாக இருக்கும்போதுதான் நாம் எதையாவது செய்யத் தொடங்குகிறோம். அதற்குப் பின் நிலைமை தானாகத் தேறினாலும் நாம் செய்ததற்கே அந்தப் பெயர் போய்ச் சேர்கிறது.

*

கேள்வி: இவ்வகைக் கேள்விகள் தேர்வு அறைக்கு வெளியே எங்காவது உதவியிருக்கின்றனவா? என் மாணவர்களுக்குச் சொல்ல ஓர் உண்மை நிகழ்வு வேண்டும்.
– கல்லூரி ஆசிரியர், திருச்சிராப்பள்ளி

பதில்: லண்டனின் சோஹோ பகுதியில் 1854ஆம் ஆண்டு பரவிய காலராவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 31 இரவு தொடங்கிய அந்தக் கொள்ளைநோயில் சில வாரங்களுக்குள் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிராட் தெருவில் இருந்த தண்ணீர்க் குழாயே நோயைப் பரப்புகிறது என்று மருத்துவர் ஜான் ஸ்னோ கருதினார். அவருடைய வேண்டுகோளை ஏற்றுச் செப்டம்பர் 8 அன்று குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. நோய் அடங்கியது. பள்ளிக் கதைகள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடும்: கைப்பிடியைக் கழற்றினார், காலரா நின்றது, ஆகவே குழாய் நீரே காரணம்.

இதை ஒரு தேர்வுக் கேள்வியாகப் பாவித்து, மதிப்பிட எதை அறிய வேண்டும் என்று உங்கள் மாணவர்களைக் கேளுங்கள். கூர்மையான மாணவர் ஒருவர், கைப்பிடியைக் கழற்றுவதற்கு முன்பே நோய் குறையத் தொடங்கியிருந்ததா என்று கேட்பார். குறையத் தொடங்கியிருந்தது என்பதே உண்மை. நோய் கண்டு பின்னர் இறந்தவர்களை, நோய் கண்ட நாள்வாரியாக ஸ்னோ பட்டியலிட்டிருந்தார். செப்டம்பர் 1 அன்று 143 ஆக இருந்த எண்ணிக்கை, 8ஆம் தேதி 12க்கு இறங்கிவிட்டது. மக்கள் ஏற்கெனவே கூட்டம் கூட்டமாக வீடுகளைப் பூட்டிக்கொண்டு வெளியேறியிருந்தார்கள். ஆக, கைப்பிடிக் கதை ஒரு வாதமாக நிற்கவில்லை. இதை ஸ்னோவே மறைக்காமல் எழுதினார் என்பது அவர்மீது எனக்குள்ள மதிப்பைக் கூட்டுகிறது.

அப்படியானால் அவர் முடிவு தவறா? இல்லை. முடிவு சரியாக இருக்கும்போதே அதற்குச் சொல்லப்படும் ஒரு வாதம் சொத்தையாக இருக்கலாம் என்பதை மாணவர்கள் இங்கே நேரில் காணலாம். அக்காலத்து மருத்துவர்கள் பெரும்பாலோர், அழுகலிலிருந்து எழும் கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்று நம்பினார்கள். குழாயைச் சுற்றியுள்ள வீடுகளில் சாவு மிகுதி என்ற செய்தி இரண்டு கருத்துக்கும் பொருந்தும், ஏனெனில் காற்றும் அங்கேதான் இருக்கிறது, நீரும் அங்கேதான் இருக்கிறது. ஸ்னோ தேடியது, இரண்டையும் பிரித்துக் காட்டும் வினாவை. அதே காற்றைச் சுவாசித்து, அந்த நீரைக் குடிக்காதவர்கள் என்ன ஆனார்கள்? அந்த நீரைக் குடித்து, அந்தக் காற்றைச் சுவாசிக்காதவர்கள் என்ன ஆனார்கள்?

முதல் வினாவுக்கு அருகிலேயே விடை கிடைத்தது. போலந்து தெருவின் ஏழையர் விடுதியில் 535 பேர் இருந்தார்கள். சுற்றிலும் வீட்டுக்கு வீடு சாவு விழுந்தபோது அங்கே காலராவில் இறந்தவர்கள் 5 பேர் மட்டுமே. விடுதிக்குத் தனிக் கிணறு இருந்தது. பிராட் தெருவிலேயே இருந்த மதுவடிப்பு ஆலையில் எழுபதுக்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள்; ஒருவர்கூடக் காலராவுக்குப் பலியாகவில்லை. ஆலை கொடுத்த மதுவைக் குடித்த அவர்கள் தெருக்குழாயை நாடவே இல்லை. இரண்டாம் வினாவுக்கு விடை சில மைல் தள்ளி, ஹாம்ஸ்டெட்டில் கிடைத்தது. அங்கே வாழ்ந்த ஒரு விதவைப் பெண்மணி, முன்பு பிராட் தெருப் பக்கம் குடியிருந்தவர். அந்த நீரின் சுவை பிடித்துப்போய், நாள்தோறும் வண்டியில் ஒரு பெரிய புட்டி நீரை வரவழைத்துக் குடித்துவந்தார். அவர் காலராவில் இறந்தார். அவரைப் பார்க்க வந்து அதே நீரைக் குடித்துவிட்டு இஸ்லிங்டனுக்குத் திரும்பிய உறவுப்பெண்ணும் இறந்தார். அவ்விரு பகுதிகளிலும் அப்போது காலரா இல்லை.

அதே ஆண்டில் தெற்கு லண்டனில் அவர் செய்த ஆய்வு இதைவிடவும் பெரியது. அங்கே இரண்டு தண்ணீர் நிறுவனங்கள் ஒரே தெருக்களில் குழாய் பதித்திருந்தன. அடுத்தடுத்த வீடுகள் வெவ்வேறு நிறுவனத்தின் நீரைக் குடித்தன. லாம்பெத் நிறுவனம் நகரச் சாக்கடை கலப்பதற்கு மேலே, தேம்ஸ் ஆற்றின் எதிரோட்டப் பக்கத்திலிருந்து 1852 முதல் நீர் எடுத்தது. சவுத்வார்க் – வாக்ஸால் நிறுவனம் பழைய இடத்திலேயே எடுத்தது. கொள்ளைநோயின் முதல் ஏழு வாரங்களில், பத்தாயிரம் வீடுகளுக்கு லாம்பெத் நீர் குடித்த வீடுகளில் 37 சாவுகளும், மற்ற நிறுவனத்தின் வீடுகளில் 315 சாவுகளும் நிகழ்ந்ததாக அவர் கணக்கிட்டார். ஏழை பணக்காரர், காற்று, தெரு என எல்லாம் கலந்து ஒன்றாக இருந்தபோது நீர் மட்டும் வேறாக இருந்தது. ஒரு வாதத்தை மதிப்பிட எதை அறிய வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிட அழகான விடையை நான் அறியேன்.

*

கேள்வி: வாதம், முடிவு, ஆதாரம் என்றெல்லாம் எழுதுகிறீர்கள். இத்துறைக்குத் தமிழில் பழஞ்சொற்கள் உண்டா?
– தமிழாசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்

பதில்: உண்டு, ஐயா. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் பௌத்தத் தருக்க முறையை மணிமேகலைக்கு உரைக்கிறார். நிலைநாட்ட விரும்பும் கூற்று அங்கே ‘பக்கம்’, அதற்குரிய காரணம் ‘ஏது’, எடுத்துக்காட்டு ‘திட்டாந்தம்’. இம்மலை நெருப்புடையது, ஏனெனில் புகையுடையது, அடுக்களையைப் போல என்பது அங்கே வரும் பழைய எடுத்துக்காட்டு. நெருப்பில்லாத இடத்தில் புகையும் இல்லை என்பதற்கு நீர்நிலை காட்டப்படுகிறது. மேலே திருச்சி ஆசிரியருக்குச் சொன்ன மதுவடிப்பு ஆலை, ஸ்னோவின் வாதத்தில் அந்த நீர்நிலையின் இடத்தில் நிற்கிறது: காரணம் இல்லாத இடத்தில் விளைவும் இல்லை. மூன்று உறுப்புகளிலும் வரக்கூடிய பிழைகளைப் ‘போலி’ என்று பெயரிட்டு அக்காதை வகைப்படுத்தவும் செய்கிறது. இன்றைய தேர்வுகளில் அதிகம் தேவைப்படுவது, சொல்லாமல் ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்தைக் குறிக்கும் சொல். அதற்கு ‘எடுகோள்’ என்பதை நான் ஆள்கிறேன்.

*

கேள்வி: விழுக்காடு வரும் வாதங்களில் எதைச் சந்தேகிப்பது என்றே தெரியவில்லை. எண்கள் சரியாக இருக்கும்போது வாதம் எப்படித் தவறாகும்?
– பொறியியல் பட்டதாரி, சேலம்

பதில்: எண்களும் சரி, கழித்தல் கூட்டலும் சரி, ஆனாலும் முடிவு தவறு என்பதற்குக் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1973ஆம் ஆண்டு நடந்த பட்டமேற்படிப்புச் சேர்க்கையைச் சொல்லலாம். விண்ணப்பித்த ஆண்களில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 35 விழுக்காட்டினருக்கும் இடம் கிடைத்தது. விண்ணப்பித்தவர்கள் மொத்தம் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். ஆகவே இது தற்செயல் வேறுபாடு என்று தள்ளிவிடவும் முடியாது. சேர்க்கைக் குழுக்கள் பெண்களுக்கு எதிராகப் பாகுபாடு காட்டின என்பது வாதத்தின் முடிவு.

இந்த முடிவை நோக்கிக் கேட்க வேண்டிய வினா, ஆண்களும் பெண்களும் ஒரே துறைகளுக்குத்தாம் விண்ணப்பித்தார்களா என்பது. ஏனெனில், ஒரு துறையில் பத்தில் ஆறு பேருக்கு இடம் கிடைத்து, இன்னொன்றில் பதினைந்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கும் என்றால், யார் எந்தக் கதவைத் தட்டினார்கள் என்பதைப் பொறுத்தே மொத்த விழுக்காடு அமையும். 1975இல் சயன்ஸ் இதழில் பீட்டர் பிக்கெல், யூஜின் ஹாமெல், ஓ’கானெல் மூவரும் துறைவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, பெரும்பாலான துறைகளில் பெண்களுக்கு எதிரான சாய்வு தென்படவில்லை. புள்ளியியல் பாடநூல்களில் ‘ஏ’ என்று குறிக்கப்படும் பெரிய துறையில் 825 ஆண்கள் விண்ணப்பித்து 62 விழுக்காட்டினரும், 108 பெண்கள் விண்ணப்பித்து 82 விழுக்காட்டினரும் சேர்க்கப்பட்டார்கள். ‘எஃப்’ துறையிலோ 373 ஆண்களில் 6 விழுக்காடு, 341 பெண்களில் 7 விழுக்காடு. நுழைவது எளிதாக இருந்த துறையில் பெண்கள் குறைவாகவும், கடினமான துறையில் ஏறக்குறைய ஆண்களுக்கு நிகராகவும் இருந்தார்கள் என்பது எண்களிலேயே தெரிகிறது.

இதைப் படித்துவிட்டுப் பெண்களுக்கு எந்த அநீதியும் நடக்கவில்லை என்று துள்ளுவோரும் உண்டு. அவர்களும் வேலியைத் தாண்டுகிறார்கள். சேர்க்கைக் குழு பாகுபாடு காட்டியதா என்ற முடிவைத்தான் இந்தத் தகவல் தாழ்த்துகிறது. பெண்கள் ஏன் அந்தத் துறைகளை நோக்கியே தள்ளப்பட்டார்கள் என்பது வேறு வாதம், அதற்கு வேறு ஆதாரங்கள் தேவை. தேர்வுக்குத் தேவையான பாடம் மட்டும் வேண்டுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு குழுக்களின் விழுக்காடுகள் ஒப்பிடப்படும்போது, அக்குழுக்கள் ஒப்பிடத்தக்கவையா என்று கேட்கும் விடையை முதலில் தேடுங்கள்.

*

கேள்வி: வங்கித் தேர்வுகளில் ஒரு கூற்றைத் தந்து, அதன் கீழ் உள்ள இரண்டு வாதங்களில் எது வலுவானது என்று கேட்கிறார்கள். அதற்கும் இந்த முறை பொருந்துமா?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: பொருந்தாது. அங்கே வாதத்தில் சொல்லப்படும் செய்தியை உண்மை என்றே ஏற்றுக்கொண்டு, அது கேட்கப்பட்ட கேள்வியோடு நேராகத் தொடர்புடையதா, எடை உள்ளதா என்பதை மட்டும் பார்க்க வேண்டும். அரசு அலுவலகங்களில் நெகிழித் தண்ணீர்ப் புட்டிகளைத் தடை செய்யலாமா என்பது கூற்று என்க. ‘செய்யலாம், பல நாடுகளில் செய்திருக்கிறார்கள்’ என்பது வலுவற்றது, ஏனெனில் பிறர் செய்வது நமக்குக் காரணமாகாது. ‘கூடாது, குடிநீர் வசதி செய்யப்படாத அலுவலகங்களில் பொதுமக்களுக்கு வேறு வழியில்லை’ என்பது வலுவானது. தடையை நீங்கள் மனதார ஆதரிப்பவராக இருந்தாலும் இரண்டாவதைத்தான் குறிக்க வேண்டும்.

*

கேள்வி: காரணம் சொல்லும் வாதங்களை இனம் காண முடிகிறது. ஒரு திட்டத்தை முன்வைத்து அதை மதிப்பிடச் சொன்னால் எதைப் பிடித்துக்கொள்வது?
– மேலாண்மை மாணவி, சென்னை

பதில்: திட்டத்துக்கு ஒரு நோக்கமும் ஒரு செயலும் உண்டு. செயல் நடந்தும் நோக்கம் நிறைவேறாமல் போக எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடுங்கள். 1902இல் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த ஹனோயில் எலிகளை ஒழிக்க, கொண்டுவந்து கொடுக்கும் ஒவ்வொரு வாலுக்கும் காசு தரப்பட்டது. வால்கள் வந்து குவிந்தன. கூடவே, வாலில்லாத எலிகள் நகரத்தில் திரிவதும் கண்ணில் படத் தொடங்கியது. வாலை மட்டும் நறுக்கிவிட்டு, இன்னும் குட்டி போடட்டும் என்று எலியை விட்டுவிட்டார்கள். காசுக்காக எலி வளர்த்தவர்களும் இருந்தார்கள். இத்திட்டம் ஒரு தேர்வுக் கேள்வியாக வந்திருந்தால், எலியைக் கொல்லாமல் வாலைப் பெற முடியுமா என்று கேட்கும் விடையே சரியானது. நகரத்தில் எத்தனை எலிகள், ஆண்டுக்கு எவ்வளவு செலவு என்ற மற்ற விடைகள் கண்ணைப் பறிப்பதற்காக வைக்கப்பட்டவையாக இருந்திருக்கும்.

*

கேள்வி: ஒவ்வொரு விடையையும் இரண்டு முறை சோதிக்க நேரம் ஏது?
– ஒரு வாசகர், பெங்களூரு

பதில்: ஜிமேட்டின் மொழிப் பகுதியில் 45 நிமிடங்களில் 23 கேள்விகள், ஒன்றுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. ஐந்தையும் சோதிக்க வேண்டியதில்லை. வாதத்தைப் படிக்கும் முன் கேள்வி வாக்கியத்தைப் படித்துவிடுங்கள். வாதத்தைப் படித்து முடித்ததும், விடைகளைப் பார்க்காமல், ஆதாரத்துக்கும் முடிவுக்கும் இடையிலுள்ள இடைவெளியை மனத்துக்குள் ஒரே வாக்கியத்தில் சொல்லிக்கொள்ளுங்கள். முடிவின் வேலிக்கு வெளியே இருக்கும் மூன்று விடைகள் அப்போதே உதிர்ந்துவிடும். இருபக்கச் சோதனை எஞ்சிய இரண்டுக்கு மட்டும் போதும். பகுதியின் இறுதியில் மூன்று விடைகள் வரை மாற்றிக்கொள்ள இப்போது அனுமதி உண்டு. அதை நம்பிக் கேள்வியைப் பாதியில் விட்டுச் செல்பவர்களுக்கு அந்த அனுமதி பெரும்பாலும் உதவுவதில்லை.

*

கேள்வி: நீங்கள் சொல்லிவரும் முறையில் நானே ஒரு கேள்வி தயாரித்திருக்கிறேன். சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள். ஒரு பள்ளியில் ஜூன் மாதம் காலை உணவு வழங்கத் தொடங்கினார்கள். அக்டோபருக்குள் மாணவர் வருகை உயர்ந்தது. ஆகவே உணவே வருகையை உயர்த்தியது. மதிப்பிட எதை அறிய வேண்டும்? (அ) உணவில் என்னென்ன பரிமாறப்பட்டன? (ஆ) உணவு தொடங்காத பக்கத்து ஊர்ப் பள்ளியில் அதே மாதங்களில் வருகை எப்படி இருந்தது? (இ) ஆசிரியர்களில் எத்தனை பேர் உள்ளூர்க்காரர்கள்? (ஈ) அதே ஜூனில் பள்ளிக்குப் புதிய பேருந்து வசதி ஏதும் வந்ததா? (உ) பெற்றோர் உணவின் சுவையைப் பாராட்டினார்களா? என் விடை ‘ஆ’.
– பதினோராம் வகுப்பு மாணவி, மதுரை

பதில்: ‘ஆ’ சரிதான், அம்மா. பக்கத்துப் பள்ளியிலும் வருகை அதே அளவு உயர்ந்திருந்தால் உன் வாதம் சரியும். அங்கே உயராமல் இருந்தால் வாதம் நிமிரும். ஆனால் ‘ஈ’யையும் அதே சோதனைக்கு உட்படுத்திப் பார். ஜூனில் பேருந்து வந்தது என்றால் உணவுக்கு ஒரு போட்டிக் காரணம் கிடைத்துவிடுகிறது. வரவில்லை என்றால் அந்தப் போட்டி நீங்குகிறது. அதுவும் இரு பக்கமும் அசைக்கிறது. ஆக, உன் கேள்விக்கு இரண்டு சரியான விடைகள் இருக்கின்றன. தேர்வில் இப்படி வந்தால் மாணவர்கள் வழக்குத் தொடுப்பார்கள். ‘ஈ’யில் உள்ள ‘அதே ஜூனில்’ என்பதை ‘அடுத்த ஆண்டு ஜூனில் பேருந்து வசதி வரவிருக்கிறதா’ என்று மாற்று. உயர்வு அக்டோபருக்குள் நடந்து முடிந்துவிட்டதால், வரப்போகும் பேருந்து அதைத் தொட முடியாது. ஆனால் அவசரமாகப் படிப்பவரை அது நன்றாகவே இழுக்கும். இன்னும் இரண்டு கேள்விகள் தயாரித்து அனுப்பு. இம்முறை உன் விடையைக் குறிப்பிடாதே.